தொடுவாயை வெட்டியது யார்?

அத்தியாயம் 5

"முன்னாலை பாத்து ஓட்டும் சிவராசா, றோட்டிலை மாடு நிக்குது."

"மாடில்லை அக்கா, கிராமசேவகர்."

சொல்லி முடித்த பிறகுதான் காரின் கண்ணாடி இறக்கியிருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. கண்டல்முனை வடக்குப் பிரிவின் கிராமசேவகர் கனகலிங்கம் சைக்கிளைக் குறுக்கே பிடித்தபடி நடு றோட்டில் நின்றார். வெள்ளைச் சேட்டு, கக்கத்தில் ஒரு கோப்பு. என் பகிடி அவருக்குக் கேட்டதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கந்தோர் உத்தியோகத்தர் முகத்தில் அதெல்லாம் லேசில் தெரியாது.

"அன்னபாக்கியம் அக்கா, குடியிருப்புப் பக்கமோ பயணம்?" என்று குனிந்து கேட்டார்.

"ஓம் தம்பி."

"ரெண்டு மணிக்கு ஏ.ஜி.ஏ. ஐயாவிட்டை விசாரணை. அதுக்கு முதல் சனத்தைப் போய்க் குழப்பாதேங்கோ அக்கா. குடுத்த பதினாலு நாளும் நாளையோடை முடியுது. அதுகள் பாவங்கள், மெல்லமா எழும்பிப் போகட்டும்."

"உம்மடை பிரிவுச் சனம்தானே. நீர் ஒரு சொல் சொன்னால் என்ன?"

"என்ரை பிரிவில்லை அக்கா. இப்ப அவையள் தெற்குப் பிரிவு."

"தெற்குப் பிரிவுக்காரர் என்ன சொல்லுறார்?"

"அவருக்கு அவையளைத் தெரியாது."

"நல்லது. சனமும் உம்மடையில்லை, பிரிவும் உம்மடையில்லை. பிறகேன் தம்பி இந்த வெய்யிலுக்கை வந்து றோட்டை மறிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

சைக்கிள் விலகியது. நான் காரை எடுத்தேன்.

அன்னபாக்கியம் அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காணிக் கந்தோரில் இருபத்தாறு வருசம் எழுதுவினைஞர். ஒரு பொய்க் கோப்பில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றதற்கு, மூன்று வருசம் முந்தி மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது முள்ளியவளையில் தன் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, தொலைந்த காணி உறுதி, நகர்ந்த எல்லைக்கல், செத்த பிறகு கையெழுத்து வைத்த மனுசர் என்று ஊர்ச் சிக்கல்களைத் துப்புத் துலக்குகிறார். நான் அவருடைய சாரதி, சாட்சி, சில வேளை சந்தேக நபர். வாடகைக் கார் ஓட்டுகிறவன். நாளுக்குப் பத்துத் தரம் "வாயை மூடும் சிவராசா" என்று கேட்பது என் தலையெழுத்து.

விசயம் இதுதான். கண்டல்முனைக் களப்பின் உட்கரையில் நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. எல்லாம் தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலைநாட்டுச் சனம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு இங்கே வந்து, முள்ளுக்காட்டை வெட்டி, கிணறு கிண்டி, கச்சான் கடலை போட்டு, ஏழு வருசத்தில் ஆண்டுப் பெர்மிட்டும் எடுத்து மனுசராய் இருக்கிறார்கள். இந்த வைகாசி பிறந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. இது கரையோர வலயம், அனுமதியில்லாத கட்டடங்களைப் பதினான்கு நாளில் அகற்று என்று. வீரம்மா என்ற மனுசிதான் அந்தக் கடதாசியைக் கிழியாமல் உரித்து, மடித்து, பஸ் ஏறி அக்காவிடம் கொண்டுவந்தவர்.

"கடலிலையிருந்து முந்நூறு மீற்றர்தானே கரையோர வலயம்? உந்தச் சனம் அரை மைலுக்கு அங்காலை எல்லோ இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். என் காரின் முன்மூடியில் படிந்திருந்த புழுதியில் விரலால் கீறினார்.

"இது கடல். இது களப்பு. நடுவிலை மண்திட்டி. மாரியிலை களப்பு நிரம்பினால் திட்டியை வெட்டித் தண்ணியைக் கடலுக்கு விடுவினம். அந்த வாய்தான் தொடுவாய். இப்ப வந்த புதுச் சட்டம் என்ன சொல்லுது? தொடுவாயின்ரை ரெண்டு இயற்கை முனைக்கும் நடுவிலை ஒரு கோடு கீறு. அந்தக் கோட்டிலையிருந்து உள்ளுக்கு ரெண்டு கிலோமீற்றரும் கரையோர வலயம்."

"பழைய தொடுவாய் தெற்கை மூண்டு மைலுக்கு அங்காலை."

"ஓம். அதிலையிருந்து அளந்தால் குடியிருப்பு வலயத்துக்கு வெளியிலை. ஆனால் போன மாரியிலை குடியிருப்புக்கு வடக்கை, அரை மைலிலை ஒரு புது வாய் திறந்தது. தை மாதம் நில அளவைக்காரர் வந்து, புது வாயைப் பிடிச்சுக் கோட்டைக் கீறிப்போட்டுப் போயிட்டினம். இப்ப குடியிருப்பு உள்ளை."

"தண்ணி இடம் மாறினதுக்குச் சனத்தைத் துரத்திறதோ? உது என்ன விசர்ச் சட்டம்!"

"அந்த வாய் தானாய் உடைச்சதெண்டால் சட்டப்படி சரி. ஆரும் கையாலை வெட்டினதெண்டால் அது இயற்கையில்லை, கோடு செல்லாது. குடியிருப்பு தப்பும். இண்டைக்கு ரெண்டு மணிக்கு முதல் எங்களுக்கு அது தெரியவேணும்."

இதில் ஒரு தலையிடி இருந்தது. நில அளவைக்காரர் கேட்டபோது நாற்பது குடும்பமும் ஒரே வாயாய் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள், புயலில் தொடுவாய் தானாய் உடைந்தது என்று. எங்கள் கட்சிக்காரரே எங்களுக்கு எதிர்ச் சாட்சி.

எனக்கென்றால் ஆள் யாரென்று முதலே தெரியும். சம்மாட்டி முத்துலிங்கம். கரைவலை முதலாளி. குடியிருப்பு இருக்கிற மேட்டில் மீன் காயப்போட்டால் எப்படியிருக்கும் என்று கோயிலடியில் சொன்னதை என் காதால் கேட்டவன் நான். ஆளை எனக்குப் பத்து வருசமாய்ப் பிடிக்காது. அதுவே பாதி அத்தாட்சி.

புது வாயடிக்குப் போனால் அங்கே வாயே இல்லை. மாசி மாதமே மண் வந்து மூடி, வெறும் பள்ளமாய்க் கிடந்தது. இரண்டு ஆடுகள் அதற்குள் நின்று மேய்ந்தன. கந்தோரில் இருக்கிற வரைபடத்தில் மட்டும் களப்பு இன்றைக்கும் அதற்குள்ளால் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தை நம்பித்தான் நாற்பது வீட்டை இடிக்கப்போகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஆடுகளைத்தான் ஏச முடிந்தது.

முத்துலிங்கம் தன் மீன் வாடிக்கு முன்னால் வலையை விரித்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மாட்டியார், இந்த வாயை நீங்கள்தானே வெட்டினது?" என்று கேட்டேன். அக்கா என் காலை மிதித்தார். மிதித்த பிறகு கேள்வியைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

"ஆர், நானோ? எடேய், உனக்கென்ன விசரே? இந்த வாய் போறது என்ரை பாட்டுக்குள்ளாலை. நான் வலை வளைச்சு இழுக்கிற கரைத்துண்டை நானே வெட்டுவனோ? வாய் திறந்த நாள் தொடக்கம் மாசி மட்டும் இதிலை ஒரு வலை இழுக்கேலாமல் போச்சு. களப்பிலை கிடந்த இறால் முழுக்கக் கடலுக்குப் போட்டுது. எதிரிக்குச் சகுனப்பிழை எண்டு தன்ரை மூக்கை அறுக்கிறவனோ நான்?"

பத்து வருசப் பகையில் முதல் தரமாக அவர் சொன்னது நியாயமாய்ப் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்கா கேட்டார்: "நீங்கள் வெட்டுறதெண்டால் எப்பிடி வெட்டுவியள்?"

"நேர. வயல் செய்யிற கமக்காரரும் நாங்களும் கூடி நாள் பாத்து, தேங்காய் உடைச்சு, பழைய இடத்திலை கடலைப் பாத்து ஒரே நேர். ரெண்டு பக்கமும் ஆள் நிண்டு, ரெண்டு பக்கமும் மண்ணை எறிவம். போன மாரி, நாள் பாக்கிறதிலை எங்களுக்கும் கமக்காரருக்கும் கொழுவல். இண்டைக்கு நாளைக்கு எண்டு இழுபட, இது தானாய் உடைச்சுப்போட்டுது எண்டுதான் எல்லாரும் சொல்லினம். புயலண்டு வாடியிலை ஆர் இருந்தது பாக்கிறதுக்கு?"

அக்கா பள்ளத்தின் களப்புப் பக்கமாக நடந்தார். அடம்பன்கொடி படர்ந்திருந்த ஓர் இடத்தில் நின்று, குடைக்காம்பால் கொடியைத் தூக்கினார். கொடிக்குக் கீழே ஒரு வெட்டு இருந்தது. ஒரு முழ அகலம், முப்பது முழ நீளம். தண்ணீர் பாதியில் இந்த வெட்டைக் கைவிட்டுத் தன்பாட்டில் வேறு வழியால் உடைத்துப் போயிருக்கிறது. அதனால் இந்தத் துண்டு அழியாமல் தப்பியிருந்தது.

"சிவராசா, வெட்டின மண் எங்கை கிடக்குது?"

"ஒரு பக்கத்திலை மட்டும்."

"ஏன்?"

"மற்றப் பக்கத்து ஆள் அண்டைக்கு லீவுபோலை."

"வாயை மூடும். மண்ணைப் பாரும். மண்வெட்டியாலை தட்டி வரம்புபோலை கட்டிக் கிடக்குது."

முத்துலிங்கமும் வந்து பார்த்தார். "அறுவார், ஆர் இப்பிடி வெட்டினது? சரிச்சுக்கொண்டெல்லோ போயிருக்கினம். நேர வெட்டினால் கடல் மட்டும் முப்பது பாகம், நூற்றியிருபது முழம். உப்பிடிப் போனால் ஐம்பது பாகம். தண்ணியோடை வாழுற ஒருத்தன் உப்பிடி வெட்டான்."

"கையாலை வெட்டினது! அக்கா, நாங்கள் வெண்டிட்டம்!" என்று நான் துள்ளினேன்.

அக்காவின் முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. "ஆர் வெட்டினதெண்டு தெரிஞ்சாப் பிறகு துள்ளும்," என்றார்.

அங்கிருந்து வீரம்மாவின் வளவுக்குப் போனோம். மண்கல் வீடு, தகரக் கூரை. சுவர் எழுப்பிய புருசன் பழனியாண்டி போன வருசம் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. வீரம்மாவுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த நாலு சுவரும் கச்சான் தோட்டமும்தான். நான் தோட்டத்துக்குள்ளால் குறுக்கே நடந்து, ஒரு வாய்க்காலுக்குள் காலை விட்டு, முகம் குப்புற விழுந்தேன்.

"ஐயையோ, பாத்து வாங்க தம்பி! கானு இருக்குல்ல!" என்று வீரம்மா ஓடிவந்தார்.

அக்கா என்னைத் தூக்க வரவில்லை. விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். வாய்க்கால் தோட்டத்துக்குள் நேராகப் போகவில்லை, சரிந்து போனது. வெட்டின மண் ஒரே பக்கத்தில், தட்டி வரம்பு கட்டிக் கிடந்தது.

"வீரம்மா, இந்தக் கானை ஆர் வெட்டினது?"

"நான்தாம்மா. மலையில கானு இப்படித்தான் வெட்டுவோம், சரிவா. நேரா வெட்டுனா மழைத்தண்ணி மண்ண அரிச்சிக்கிட்டுப் போயிரும்ல. மண்ணைக் கீழ்ப்பக்கமாப் போட்டுத் தட்டி வுடணும். இல்லாட்டி கங்காணி அன்னிக்குக் கூலிக்குப் பேரு போடமாட்டாரு."

"இங்கை மலையுமில்லை, கங்காணியுமில்லையே?"

"கை பழகிப் போச்சும்மா, அது அப்படித்தான் வரும்..."

சொல்லிக்கொண்டிருந்த மனுசி நிறுத்திவிட்டார். வீரம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் குந்தினார்.

"சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டோம்மா," என்றார். "மாரியாத்தா முன்னால, நாப்பது குடும்பமும். யாரு கேட்டாலும் தானா ஒடைஞ்சதுன்னுதான் சொல்லணும்னு."

"ஆர் சொல்லச் சொன்னது?"

"கிராமசேவகர் ஐயாதான். புயல் நேரம் வூட்டுக்குள்ள இடுப்புத் தண்ணி. புள்ளைங்கள பரணுல ஏத்தி வச்சிருந்தோம். கமக்காரங்களும் சம்மாட்டிங்களும் நாள் பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. எங்களுக்குத் தலைக்கு மேல வெள்ளம், சாண் என்ன மொழம் என்ன? அந்த நேரம் தண்ணிக்குள்ள எறங்கி வந்த ஒரே ஆபீசர் அவருதாம்மா. வடக்கால ஒரு தடிய நட்டு, இந்த எடத்துல வெட்டுங்க, நான் பாத்துக்கிறேன், ஆனா நீங்க வெட்டுனதா வெளிய தெரிஞ்சா குத்தம்னாரு. விடிய விடிய வெட்டுனோம். புள்ளைங்க பொழைச்சிச்சு. இன்னிவரைக்கும் அவருக்குத்தாம்மா நான் வெளக்கு வைக்கிறேன்."

என் வாயில் வந்ததை இங்கே அச்சடிக்க முடியாது.

"ஏனக்கா குறிப்பாய் வடக்கை? தெற்கை பழைய இடத்திலை வெட்டச் சொல்லியிருக்கலாமே?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வடக்குப் பிரிவுக்கும் தெற்குப் பிரிவுக்கும் எல்லை என்ன? வெள்ளைக்காரன் காலத்து எழுத்திலை ஒரே வரிதான்: 'தெற்கே தொடுவாய்.' தொடுவாய் குடியிருப்புக்குத் தெற்கை இருந்தால் இந்த நாற்பது குடும்பமும் கனகலிங்கத்தின்ரை பிரிவு. வாய் வடக்கை வந்தால் பக்கத்துப் பிரிவு. வெள்ள நிவாரணம், கூப்பன், இப்ப ஆமிக்காரர் கிழமைக்கொருக்கால் கேக்கிற குடும்ப விபரம், மலைநாட்டுச் சனம் ஏன் இங்கை வந்ததெண்டு மேலிடத்திலையிருந்து வாற கடிதம். எல்லாத் தலையிடியையும் ஒரு தடியாலை அங்காலை தள்ளிப்போட்டார். சனத்தை எழுப்பவேணுமெண்டு அவர் நினைக்கேல்லை. கோடு கீற வருவினமெண்டு அவருக்கும் தெரியாது. வந்தாப் பிறகு தெரிஞ்சும் வாயைத் திறக்கேல்லை."

"அதுகளும் சத்தியத்தைக் காப்பாத்தி, தங்கடை வீட்டுக்குத் தாங்களே கோடு கீறிக் குடுத்திருக்குதுகள்!"

வீரம்மா எழும்பினார். "அம்மா, ஒரு நிமிசம் இப்படி வாங்க," என்று அக்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நான் காருக்குத் தண்ணீர் விடப் போனேன். தூரத்தில் இருந்து பார்த்தபோது வீரம்மா ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னார். திரும்பவும் ஏதோ கேட்டார். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் வந்து காரில் ஏறினார்கள்.

"சத்தியத்த நான் ஒடைக்கிறேன் தம்பி. போகலாம்," என்றார் வீரம்மா.

கந்தோருக்குப் போய்ச் சேர இரண்டுக்குப் பத்து நிமிசம் இருந்தது. அக்கா நேரே பதிவேட்டு அறைக்குப் போனார். அங்கே இருக்கிற விமலேஸ்வரி அவருடன் பதினைந்து வருசம் வேலை செய்தவர். போன வேகத்தில் ஒரு கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

ஏ.ஜி.ஏ., அதாவது உதவி அரசாங்க அதிபர், இளம் ஆள். மேசையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. பக்கத்துக் கதிரையில் கனகலிங்கம். தெற்குப் பிரிவுக்காரர் சுகயீனம் என்று கடிதம் அனுப்பியிருந்தார். நாற்பது குடும்பத்தின் சார்பில் வீரம்மா நின்றார், அவரை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை.

அக்கா ஐந்து நிமிசத்தில் சொல்லி முடித்தார். சரிந்த வெட்டு, ஒரு பக்க மண், கைவிடப்பட்ட முப்பது முழம்.

"அப்ப அது வெட்டின வாய்," என்றார் ஏ.ஜி.ஏ. "இயற்கையில்லை. கோடு பழைய தொடுவாய்க்குப் போகவேணும், குடியிருப்பு வலயத்துக்கு வெளியிலை. சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அனுமதியில்லாமல் தொடுவாய் வெட்டுறது குற்றம். வெட்டின ஆக்களின்ரை பெர்மிட் ரத்து. பதினாலு நாளிலை வீட்டைக் கழட்டவேணும். ஆர் வெட்டினது? பெயரைச் சொல்லுங்கோ."

முன் வாசலால் உள்ளே விட்டு, பின் வாசலால் தள்ளுகிறார்கள். அக்காவைப் பார்த்தேன். இருபத்தாறு வருசம் காணிக் கந்தோரில் இருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

"நான்தாங்கய்யா வெட்டுனேன்," என்றார் வீரம்மா.

"மற்ற ஆக்கள்?"

"வேற யாரும் இல்லீங்க. நான் ஒருத்திதான்."

ஏ.ஜி.ஏ. பேனையை வைத்தார். "ஐம்பது பாகம். புயலுக்குள்ளை. நீங்கள் தனிய?"

"மலையில நான் ரெண்டாள் வேலை செஞ்சவங்க."

"எனக்குக் கதை அளக்காதேங்கோ. நாற்பது குடும்பத்தின்ரை பெயரும் எனக்கு வேணும்."

அக்கா மெல்லக் கொப்பியைத் திறந்து, ஏ.ஜி.ஏ.யிடம் கொடுக்காமல், கனகலிங்கத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஐயா, கிராமசேவகரைக் கேளுங்கோ. அந்த இடத்து ஆக்களை ஏழு வருசமாய் அறிஞ்ச உத்தியோகத்தர் அவர்தான். தம்பி, இந்தத் திகதியை ஒருக்கால் வாசிச்சிட்டு ஐயாவுக்கு மறுமொழி சொல்லும்."

நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கனகலிங்கம் போன மாரியில் எழுதிய கடிதத்தின் பிரதி அது. 'தொடுவாய் வடக்கே மாறியுள்ளபடியால் இக்குடும்பங்கள் தற்போது தெற்குப் பிரிவைச் சேர்ந்தவை. நிவாரணம் அங்கிருந்தே வழங்கப்பட வேண்டும்.' திகதி, விளக்கீட்டுக்கு மூன்று நாள் முந்தியது. தொடுவாய் உடைந்தது விளக்கீட்டுக்கு மறுநாள். வாய் திறக்க நாலு நாளுக்கு முன்னமே மனுசன் அது திறந்துவிட்டது என்று எழுதிவிட்டார். புயலுக்குள் தண்ணீரில் இறங்கி வந்த நல்ல மனுசன், கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் தடியை நட வந்திருக்கிறார்.

கனகலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"கிராமசேவகர்," என்றார் ஏ.ஜி.ஏ., "ஒரு மனுசி தனிய உதை வெட்டேலுமோ?"

ஏலாது என்று சொன்னால், பின்னே யார் வெட்டினது, உமக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். கொப்பி மேசையில் திறந்து கிடந்தது. கனகலிங்கம் அதைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வீரம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

"ஏலும் சேர்," என்றார். "உவ வலு கெட்டிக்காரி. செய்யக்கூடிய மனுசி."

"எழுத்திலை தருவீரோ?"

"தாறன் சேர்."

அவரே வாக்குமூலம் எழுதினார். அவரே சாட்சிக் கையெழுத்தும் வைத்தார். வீரம்மா பெருவிரலில் மை பூசி அழுத்தினார். மூன்று நிமிசத்தில் நாற்பது குடும்பத்தில் முப்பத்தொன்பது தப்பியது.

கடைசியில் படிவத்தில் ஒரு கூடு மிச்சமிருந்தது. "இனி வசிக்கிற பிரிவு எது?" என்று ஏ.ஜி.ஏ. கேட்டார்.

"வடக்குப் பிரிவுங்க."

கனகலிங்கம் நிமிர்ந்தார். "சேர், என்ரை பிரிவிலை குடுக்கிறதுக்குக் காணி இல்லை."

"நான் காணி கேக்கலீங்களே," என்றார் வீரம்மா. "இருக்க ஒரு எடம் பாத்துக்குவேன்."

ஏ.ஜி.ஏ.க்கு அடுத்த விசாரணைக்கு நேரமாகிவிட்டது. 'வடக்கு' என்று எழுதி மூடினார்.

காருக்கு வந்ததும் நான் வெடித்தேன். வீரம்மா கைவிரல் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"உங்களுக்குக் கிணத்தடியிலையே தெரியும்! மனுசியை நீங்கள்தானே பலி குடுத்தது? அந்தக் கடிதத்தை ஏ.ஜி.ஏ.யிட்டைக் குடுத்திருந்தால் உந்த நாய் இண்டைக்கு வேலையிழந்திருக்கும்!"

"குடுத்திருந்தால், வெட்டச் சொன்னவர் அவரெண்டு வரும். சொல்லக் கேட்டு வெட்டினது ஆரெண்டு அடுத்ததாய் வரும். நாற்பதும் போயிருக்கும் சிவராசா."

"அப்ப ஒரு ஆள் எண்டு சொல்லச் சொல்லிக் குடுத்தது நீங்களோ?"

"நான் சட்டத்தைத்தான் சொன்னனான். எத்தினை பேரெண்டு எழுதவேணுமோ எண்டு அவா கேட்டா. சொல்லுற எண்ணிக்கையைத்தான் எழுதுவினம் எண்டன்." அக்கா குழாயடியைப் பார்த்தார். "எழுபத்தஞ்சிலை அரசாங்கம் தேயிலைத் தோட்டத்தை எடுத்து எழுப்பினவை, எழுபத்தேழிலை அடிச்சு எழுப்பினவை, இந்தத் தரம் நானே எழும்புறன், ஒருத்தரும் எழுப்ப வேண்டாம் எண்டா. நான் என்னத்தைச் சொல்லுறது? என்னை ஏசிறதெண்டால் ஏசும்."

ஏசவில்லை. ஏசவேண்டிய ஆளைக் கந்தோருக்குள் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

பதின்மூன்றாம் நாள் வீட்டைக் கழற்றினோம். முத்துலிங்கம் தன் வாடி ஆட்களோடு வந்து நின்றார். முப்பத்தொன்பது குடும்பமும் நின்றது. ஒருவரும் வீரம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. ஆறு தகரத்தையும் நாலு மரத்தையும் என் கார்க் கூரையில் கட்டினேன். வீரம்மா பின்சீற்றில் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"எங்கையணை விட?"

"நேராப் போங்க தம்பி."

கோயிலடி தாண்டி, சங்கக்கடை தாண்டி, வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். கனகலிங்கத்தின் வீடு. கிடுகு வேலிக்கும் றோட்டுக்கும் நடுவில் ஒன்பது அடி அகலத்தில் வெறும் நிலம் கிடந்தது. அரசாங்கத்தின் றோட்டுக் கரை. அதில் ஒருவர் குந்தினால் அத்துமீறல் பதிவேட்டில் பதிந்து மேலே அறிவிக்க வேண்டியவர் அந்தப் பிரிவின் கிராமசேவகர். ஏன் வந்தாள், எங்கேயிருந்து வந்தாள், யார் எழுப்பியது என்று அத்தனை கூட்டையும் அவர் கையாலேயே நிரப்ப வேண்டும். இதைக் கிணற்றடியில் சொன்னீர்களா என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை.

கனகலிங்கத்தின் மனைவி சிவலட்சுமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். "ஆரணை நீங்கள்? ஆரைத் தேடுறியள்?"

"யாரையும் தேடலம்மா," என்றார் வீரம்மா. "ஐயாவோட பிரிவு ஆளுதான். ஐயா வந்து பதிஞ்சிக்கட்டும்."

அவர் சொல்லும்போதே கனகலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். தகரத்தைப் பார்த்தார், வீரம்மாவைப் பார்த்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே போய்ப் படலையைச் சாத்தினார்.

வீரம்மா மண்வெட்டியை எடுத்து முதல் மரத்துக்குக் கிடங்கு கிண்டத் தொடங்கினார். நானும் இறங்கிப் போய் மற்ற மரத்துக்குக் கிண்டினேன்.